சம்பளம் யார் தருகிறார்கள்?

கேள்வி: ஏழை நாடுகளின் கிராமங்களுக்கு மருத்துவ உதவி தந்துவந்த யுஎஸ்எய்டை அமெரிக்கா 2025இல் மூடிவிட்டது. நல்லதுதானே? பிறத்தியார் காசில் ஒரு நாடு எத்தனை நாள் தன் ஜனங்களுக்கு வைத்தியம் பார்க்கும்? அதிலும் பாதி, அதிகாரிகளின் ஜீப்புக்கும் ஹோட்டலுக்கும்தானே போகிறது?
- வாசகர், அரூர்

பதில்: ஜீப், ஹோட்டல் செலவு பற்றிய உங்கள் கோபம் எனக்கும் உண்டு. ஆனால் 'நல்லதுதானே' என்று முடிக்கிறீர்களே, அதை என்னால் ஏற்க முடியவில்லை.

நேபாளத்தின் ஜும்லா மாவட்டத்தைப் பாருங்கள். 1980களில் அங்கே போக ரோடு கிடையாது. சளி முற்றி நிமோனியாவாகி, கைக்குழந்தைகள் கொத்துக்கொத்தாகச் செத்தன. உள்ளூர் ஆட்களுக்கே பயிற்சி கொடுத்து, வீடுவீடாகப் போய் இருமுகிற குழந்தைக்கு மருந்து கொடுக்கச் சொன்னார்கள். மூன்றாம் ஆண்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் இறப்பு 28 சதவீதம் குறைந்திருந்தது.

பிறகு இந்த வேலை நாடு முழுக்கப் பரவியபோது அதைத் தோளில் சுமந்தவர்கள், 1988இல் தொடங்கிய பெண் சுகாதாரத் தொண்டர்கள். சுமார் 50,000 பேர். பலர் அதிகம் படிக்காதவர்கள். அந்தப் பெண் செய்தது என்ன தெரியுமா? குழந்தையின் சட்டையைத் தூக்கிவிட்டு, கையில் ஒரு சின்ன டைமரை வைத்துக்கொண்டு, நெஞ்சு ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் முழுக்க எண்ணினார். இரண்டு மாதம் முதல் ஒரு வயதுக்குள் என்றால் 50, அதற்கு மேல் என்றால் 40. எண்ணிக்கை அதைத் தொட்டுவிட்டால் நிமோனியா, உடனே மருந்து. ஸ்டெதஸ்கோப் இல்லை, எக்ஸ்ரே இல்லை. வருஷத்துக்கு இரண்டு முறை வைட்டமின் ஏ கொடுக்கும் நாளில், சிவப்புக் குமிழ் மாத்திரையின் முனையைக் கத்தரிக்கோலால் வெட்டி, பிள்ளையின் வாயில் பிழிந்துவிட்டார். 1993இல் எட்டு மாவட்டங்களில் ஆரம்பித்த அந்தத் திட்டம் 2002க்குள் நாடு முழுக்கப் போய்ச் சேர்ந்தது.

டைமர், மாத்திரை, பயிற்சி எல்லாவற்றிலும் வெளிநாட்டுப் பணம் இருந்தது. நீங்கள் குறை சொல்லும் யுஎஸ்எய்டின் பணமும் இருந்தது. நேபாளத்தில் 1996 கணக்கெடுப்பின்படி ஆயிரம் குழந்தைகளில் 118 குழந்தைகள் ஐந்து வயதைத் தாண்டவில்லை. 2022இல் அது 33. இதற்கான பெருமை முழுவதையும் உதவிப் பணத்துக்குக் கொடுக்க மாட்டேன். பெண்கள் படித்தார்கள், ரோடு வந்தது, வளைகுடாவுக்குப் போனவர்கள் வீட்டுக்குப் பணம் அனுப்பினார்கள். ஆனாலும் அந்தப் பணம் வீண் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

சரி, அப்புறம் எங்கே தவறு? மாதச் சம்பளத்தில். எத்தியோப்பியாவைப் பாருங்கள். 2003 முதல் பத்தாம் வகுப்பு படித்த பெண்களுக்கு ஒரு வருஷம் பயிற்சி கொடுத்து, கிராமத்துக்கு இரண்டு பேர் என்று அமர்த்தினார்கள். 30,000 பேருக்கு மேல். பயிற்சிக்கும் மருந்துக்கும் வெளியிலிருந்து நிறைய பணம் வந்தது. சம்பளத்தை அரசு தன் பட்ஜெட்டில் வைத்துக்கொண்டது. அதே நாட்டில் அமெரிக்கப் பணத்தை நம்பி ஒப்பந்தத்தில் எடுத்த சுமார் 5,000 சுகாதாரப் பணியாளர்களை, 2025இல் உதவி நின்றதும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஒரே நாடு, இரண்டு விதமான சம்பளம்.

உங்கள் பக்கத்திலேயே இதற்குச் சாட்சி இருக்கிறது. 1980களில் டென்மார்க்கின் டானிடா உதவியோடு சேலம், தென்னாற்காடு மாவட்டங்களில் சுகாதாரத் திட்டம் நடந்தது. துணை சுகாதார நிலையங்கள் எழுந்தன. கிராம சுகாதார செவிலியருக்கு அரசுச் சம்பளம். 1998 அணுகுண்டுச் சோதனைக்குப் பிறகு டென்மார்க் மெல்ல விலகிக்கொண்டது. செவிலியர் விலகவில்லை. கர்ப்பிணிக்கு ஊசி போட அவர் வந்துகொண்டேதான் இருந்தார்.

அதனால் உதவியே வேண்டாம் என்று சொல்லாதீர்கள். கட்டடத்துக்கு வாங்கட்டும், குளிர்பெட்டிக்கு வாங்கட்டும், பயிற்சிக்கு வாங்கட்டும். கடைசி வீட்டின் கதவைத் தட்டும் பெண்ணின் சம்பளத்தை மட்டும் அந்த நாட்டு அரசே, தன் வரிப் பணத்தில், முதல் மாதத்திலிருந்தே கொடுக்கட்டும். உதவி தரும் நாடுகளும் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் அதைத்தான் கேட்க வேண்டும். திடீரென்று ஒரு நாள் கதவைச் சாத்துவது எந்த நியாயத்திலும் சேராது. சாத்தின மறுநாளும் குழந்தைக்குக் காய்ச்சல் வரும்.

நேபாளத்துப் பெண்களைப் பற்றி ஒன்று சொல்லாமல் விட்டுவிட்டேன். அவர்களுக்கு மாதச் சம்பளமே கிடையாது. உடுப்புக்கு, பயிற்சி நாள்களுக்கு என்று சிறு படி மட்டும். 'தொண்டர்' என்ற பெயரை வைத்துக்கொண்டு முப்பது வருஷத்துக்கும் மேலாக அவர்களிடம் வேலை வாங்கியிருக்கிறார்கள். அவர்கள் சம்பளம் கேட்கிறார்கள். கொடுக்க வேண்டியது வாஷிங்டன் இல்லை, காத்மாண்டு.