மகளுக்கு இப்ப பதினொண்டு: திருமலைக்குத் திரும்ப நினைக்கிற தம்பிக்கு

தம்பி, உங்கட கேள்வியை ஆறுதலா வாசிச்சன். ரொறன்ரோ வந்து ஒண்டரை வருஷம். இரண்டு பேருக்கும் வேலை இருக்கு. ஆனா இலங்கையில, திருமலையில (திருகோணமலையில) ரீச்சரா இருந்த மனுசி இஞ்ச இரவு ஷிப்ட்டில பெட்டி அடுக்கிப்போட்டு வந்து அழுறா. மகளுக்குப் பதினொரு வயசு, மகனுக்கு ஏழு. எல்லாத்தையும் விட்டிட்டுக் குடும்பத்தோட ஊருக்கே போயிடலாமா, போனாச் சனம் சிரிக்குமா எண்டு கேட்டிருக்கிறியள்.

சனம் சிரிக்கும். அதை விடுங்கோ. வந்தவன் திரும்பிப் போனாலும் சிரிக்கும், போனவன் மறுபடி வந்து இறங்கினாலும் சிரிக்கும். அடுத்த கலியாண வீட்டில வேற ஆளைப் பிடிச்சிடும்.

என்ர பதில், போகலாம். ஆனா போறதெண்டா வாற வருஷத்துக்குள்ள போங்கோ. இல்லாட்டி இப்போதைக்குப் போறேல்லை எண்டு இரண்டு பேரும் கதைச்சு முடிவெடுத்து, இஞ்ச வடிவா இருங்கோ. "இன்னும் கொஞ்சம் காசு சேரட்டும், அடுத்த கோடைக்குப் பாப்பம்" எண்டு இழுத்துக்கொண்டு போறதுதான் கூடாது.

நாங்கள் தொண்ணூறுகளில வந்தனாங்கள். அந்த நேரம் திரும்பிப் போற கதையே இல்லை. 2002ல சமாதானம் எண்டவுடன எங்கட ஆக்கள் கொஞ்சப் பேர் ரிக்கெற் போட்டுப் போய் வளவு துப்பரவாக்கி, வேலியும் அடைச்சுப்போட்டு வந்தவை. 2004 மார்கழியில சுனாமி. 2006ல மூதூர், சம்பூர்ப் பக்கம் சண்டை. எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டு இருந்திட்டினம். 2009க்குப் பிறகு திரும்பவும் கதை தொடங்கேக்க பிள்ளையளுக்குப் பதினைஞ்சு, பதினாறு. "அம்மா அப்பா, நீங்கள் போங்கோ, நாங்கள் இஞ்ச நிக்கிறம்" எண்டிட்டுதுகள். அதுகளிலயும் பிழை இல்லை. எங்களை மறிச்சது சண்டை. உங்களை மறிக்கப்போறது மகளின்ர வயசு. அதுதான் உங்களுக்குத் தவணை.

யோசிச்சுப் பாருங்கோ. மகள் ஒண்டரை வருஷத்துக்கு முதல் வரைக்கும் திருமலையில தமிழில படிச்ச பிள்ளை. இப்ப கொண்டுபோய் ஏழாம் தரத்தில விட்டா, தமிழ் எழுத்து கைவிட்டுப் போயிருக்காது. வரலாறும், இரண்டாம் மொழிச் சிங்களமும் முதல் தவணை இடிக்கும். பிறகு பிடிச்சிடுவா. இதையே பதினாலு வயசில செய்தியள் எண்டா, இரண்டு வருஷமளவில ஓ.எல். (பதினோராம் தரத்துச் சாதாரண தரச் சோதினை) எழுதவேணும். சமயம், தமிழ் இலக்கணம், கணிதம் எல்லாம் புதுசா. அதுக்குப் பிறகு ஏ.எல். (பல்கலைக்கழகம் போறதுக்கான உயர்தரச் சோதினை). அங்க பல்கலைக்கழக இடத்தில 40 வீதம் நாடு முழுக்கத் திறமை அடிப்படையில, 55 வீதம் மாவட்ட அடிப்படையில. மாவட்டக் கணக்கில எங்கட பிள்ளையளுக்குக் கொஞ்சம் மூச்சு விட இடம் இருக்குத்தான், ஆனா இசட் புள்ளிக்கு (ஏ.எல். மார்க்கில இருந்து கணிச்சு, பல்கலைக்கழகத்துக்கு எடுக்கப் பாக்கிற புள்ளிக்கு) ஓடுற பிள்ளை ஆறாம் தரத்தில இருந்தே ரியூசனுக்குப் போற பிள்ளை. நடுவில வந்து சேருற பிள்ளை அதோட மல்லுக்கட்டிறது லேசில்லை. பிறகு இன்ரநாஷனல் ஸ்கூல், லண்டன் ஏ.எல்., கொழும்பில அறை எண்டு இழுபடும். அப்ப திருமலைக்குப் போன கதை கொழும்புக்குப் போன கதையா முடியும். மகனுக்கு ஏழுதானே, அவனைப் பற்றி யோசிக்கவே தேவையில்லை. ஒரு தவணைக்குள்ள பக்கத்து வீட்டுப் பெடியளோட கடற்கரையில பந்தடிச்சுக்கொண்டு நிப்பான்.

இனி நாள் கணக்கைப் பாப்பம். பி.ஆர். (கனடாவில நிரந்தர வதிவிட உரிமை) உள்ள ஆள் ஒவ்வொரு ஐஞ்சு வருஷத்துக்குள்ளயும் 730 நாள் கனடாவில இருந்திருக்க வேணும். அது தொடர்ந்து இருக்கவேணும் எண்டில்லை. உங்களுக்கு இப்ப 550 நாள் அளவில போயிருக்கும். இன்னும் ஆறு, ஏழு மாசம் இருந்தா 730 நிரம்பும். அதுக்குப் பிறகு கிட்டத்தட்ட மூண்டு வருஷம் ஊரில இருந்து பாத்திட்டு, நீங்கள் முதல் வந்து இறங்கின திகதியில இருந்து ஐஞ்சு வருஷம் முடிய முதல் திரும்பி வந்தா அந்தஸ்து போகாது. நாலு பேரின்ர பி.ஆர். அட்டையிலயும் முடிவுத் திகதியைப் பாருங்கோ. அட்டை முடிஞ்சா பிளேனில ஏத்தமாட்டினம், பயணப் பத்திரத்துக்கு விண்ணப்பிச்சு அலையவேணும். மகளின்ர வயசோட இதைச் சேத்துப் பாத்தா விளங்கும்: பன்னிரண்டு வயசளவில போறா, திரும்பி வரவேண்டி வந்தா ஹைஸ்கூல் தொடங்கிற கட்டத்தில வந்து சேருறா. அங்க நல்லா ஒத்துப்போனா அங்கேயே ஓ.எல். எழுதுறா. இரண்டு பக்கமும் கதவு திறந்திருக்கிறது இந்த மூண்டு வருஷத்துக்குத்தான்.

கனபேர் உங்களுக்கு "சிட்டிசன் எடுத்துப்போட்டுப் போ" எண்டுதான் சொல்லுவினம். விண்ணப்பிக்கிற நாளுக்கு முந்தின ஐஞ்சு வருஷத்துக்குள்ள 1,095 நாள் இஞ்ச இருந்திருக்க வேணும், பிறகு சோதினை, சத்தியப்பிரமாணம் எண்டு காத்திருக்க வேணும். மூத்த பிள்ளை நேர்சரி போற ஆளுக்கு நானும் அதைத்தான் சொல்லுவன். உங்களுக்குச் சொல்லமாட்டன். பாஸ்போட் கையில வரேக்க மகள் பதினாலை நெருங்கியிருப்பா.

அதோட இன்னொண்டு. கனேடியக் குடியுரிமை எடுத்த அண்டைக்கே, 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டப்படி இலங்கைக் குடியுரிமை போயிடும். இரட்டைக் குடியுரிமைக்குத் தனியா விண்ணப்பிக்க வேணும். வயசு, படிப்பு, தொழில், சொத்து, வங்கி வைப்பு எண்டு எந்த வகையில கேக்கிறியள் எண்டதுக்கு ஆதாரம் காட்டவேணும், கட்டணமும் சின்னக் காசில்லை. அது இல்லாமல் அங்க நிண்டா நீங்கள் உங்கட சொந்த ஊரில விசாவில நிக்கிற ஆள். 2014ஆம் ஆண்டு 38ஆம் இலக்கக் காணிச் சட்டம் வந்த பிறகு வெளிநாட்டவரின்ர பேரில காணி எழுத ஏலாது. தாய் தகப்பனின்ர சொத்து முதிசமா வாறதுக்கும், இரட்டைக் குடியுரிமை உள்ளவைக்கும் விலக்கு இருக்கு.

உங்கட மனுசியின்ர விஷயம்தான் எனக்கு இதில பெரிசாத் தெரியுது. 2022 நெருக்கடி நேரம் அரச உத்தியோகத்தருக்கு ஐஞ்சு வருஷம் வரைக்கும் சம்பளமில்லா லீவு குடுக்கச் சுற்றறிக்கை வந்தது ஞாபகம் இருக்கும். சேவை மூப்பும் பென்ஷனும் பாதிக்காத மாதிரி. அவ அப்பிடியான லீவில வந்தவவா, கடிதம் குடுத்து விலகினவவா, இல்லாட்டி ஒண்டும் சொல்லாமல் வந்து, பதவி வெறிதாக்கினதா அறிவிச்சு வீட்டுக்குக் கடிதம் போயிருக்கா? இந்த மூண்டும் மூண்டு வேற வாழ்க்கை. லீவில வந்தவ எண்டா, போய் வலயக் கல்வி அலுவலகத்தில கையெழுத்து வைச்சு வேலையைத் திரும்ப ஏற்கலாம். மாசச் சம்பளம், பென்ஷன், பள்ளிக்கூடம் விட்டு இரண்டு மணிக்கு வீடு. உங்கட குடும்பம் திரும்பிப் போறதுக்கு இதைவிடப் பெரிய அத்திவாரம் ஒண்டும் இல்லை. லீவு முடியிற திகதியையும் மேலே சொன்ன திகதிகளோட ஒரே தாளில எழுதி வையுங்கோ. வேலை போயிட்டுது எண்டா, உப்புவெளியில ரியூசன் குடுத்துச் சமாளிக்கலாம் எண்டு நினைக்க முதல், அங்க இப்ப ரியூசன் குடுக்காத ரீச்சர் ஆர் எண்டும் கேட்டுப் பாருங்கோ.

அவ அழுறது முழுக்க ஊருக்காகத்தான் எண்டு நான் நினைக்கேல்லை. திருமலையில அவ பஸ்ஸில ஏறினா ஒரு பிள்ளை எழும்பி இடம் விடும். மரக்கறிக் கடையில "ரீச்சர், இண்டைக்குக் கத்தரிக்காய் நல்லாயில்லை, எடுக்காதேங்கோ" எண்டு கடைக்காரர் சொல்லுவார். இஞ்ச அவவுக்குப் பேரே சரியாச் சொல்லத் தெரியாத ஒரு சூப்பவைசர். அதுவும் இரவில. டிசம்பரில பின்னேரம் ஐஞ்சுக்கு முதலே பொழுது படுற நாட்டில, இரவு வேலை செய்து பகலில படுக்கிற மனுசி வெயிலைக் காணுறது எப்ப? முதல் வேலையா அந்த ஷிப்ட்டை மாத்துங்கோ, சம்பளம் குறைஞ்சாலும் பரவாயில்லை. டேகெயாரில உதவியாளர் வேலை, சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு எண்டு பிள்ளையளோட நிக்கிற ஏதாவது ஒண்டு. இரண்டு, மூண்டு மாசம் போகட்டும். அதுக்குப் பிறகும் போவம் எண்டுதான் சொல்லுறா எண்டா, அது ஊருக்கான அழுகைதான். பெப்ரவரி மாசத்தில மட்டும் முடிவெடுக்காதேங்கோ. பெப்ரவரியில இஞ்ச எல்லாருக்கும் ஊருக்குப் போகத்தான் தோணும், எனக்கு இப்பவும்.

காசுக்கு வருவம். நீங்கள் என்ன வேலை எண்டு எழுதேல்லை. கையில உள்ள டொலரை ரூபாயாக்கி, நிலையான வைப்பில போட்டு வட்டியில சாப்பிடுறது எண்ட யோசனை இருந்தா விடுங்கோ. 2022ல அமெரிக்க டொலர் 200 ரூபாயில இருந்து 360க்கு ஏறினதும், வட்டி 20 வீதத்துக்கு மேல போனதும் கண்டு கணக்குப் போட்ட ஆக்கள் இருக்கினம். பிறகு வட்டி பத்துக்குக் கீழ விழுந்திட்டுது, சாமான் விலை மட்டும் ஏறின இடத்திலயே நிண்டிட்டுது. வாகனம் வாங்கிறதும் இஞ்ச மாதிரி இல்லை: 2020ல நிப்பாட்டின இறக்குமதியை 2025 மாசியில திறந்தவை, ஆனா வரியோட பாத்தா ஒரு சின்னக் கார் விலையே தலை சுத்தும். மோட்டச்சைக்கிளோட தொடங்குங்கோ.

நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் இரண்டு அறை கட்டி வெள்ளைக்காரருக்கு விடுறது இப்ப எல்லாற்ற வாயிலயும் இருக்கு. அது மே தொடங்கி செப்டம்பர் வரைக்குமான உழைப்பு. மாரி தொடங்கினா கடலும் கலங்கிடும், அறையும் வெறுமை. அந்த ஐஞ்சு மாசக் காசில பன்னிரண்டு மாசம் சாப்பிடத் தெரிஞ்சவைக்கு அது தொழில். துறைமுகம், சீனக்குடாவில மா ஆலை, சீமெந்து ஆலை எண்டு வேலை இருக்குத்தான், ஆனா உள்ளூர்ச் சம்பளம். திருமலையில உள்ள 99 எண்ணெய்த் தாங்கிகளுக்கும் 2022 ஜனவரியில ஒப்பந்தம் போட்டதில இருந்து "திருமலை சிங்கப்பூர் ஆகப்போகுது" எண்டு ஆராவது ஒராள் சொல்லிக்கொண்டே இருக்கினம். சம்பூரில அனல்மின் நிலையம் வருகுது எண்டும் வருஷக்கணக்காச் சொன்னவை. 2016ல அதைக் கைவிட்டாச்சு, இப்ப சூரிய மின்சாரம். இந்தக் கதையளை நம்பி ஆரும் காணி வாங்கச் சொன்னா வாங்காதேங்கோ.

வருத்தம் துன்பம் எண்டா ஊர் ஆஸ்பத்திரி இலவசம், பெரிய விஷயத்துக்கு மட்டக்களப்பு இல்லாட்டி கொழும்பு ஓடவேணும். அது உங்களுக்குத் தெரிஞ்சதுதான்.

தெரியாதது, நீங்கள் விட்டிட்டு வந்த ஒண்டரை வருஷத்தில அங்க ஆர் ஆர் இல்லை எண்டது. 2022க்குப் பிறகு உங்கட வயசுக்காரர் எத்தினை பேர் வெளிக்கிட்டினம் எண்டு வாட்ஸ்அப் குழுவைப் பாத்தாலே தெரியும். டச்சு பேயில பின்னேரம் காத்து வாங்கலாம், மான்கள் ரோட்டால போறதைப் பிள்ளைக்குக் காட்டலாம், வெள்ளிக்கிழமை பத்திரகாளி அம்மனுக்குப் போகலாம், கோணேசர் மலையில ஏறலாம். அதெல்லாம் அப்பிடியே இருக்கு. கூட நிண்டு கதைக்க ஆக்கள்தான் குறைவு. எனக்குத் தெரிஞ்ச ஒரு குடும்பம் இதைத் தாங்க ஏலாமல்தான் இரண்டாம் வருஷமே திரும்பி வந்தது. காசு அவைக்குப் பிரச்சினையே இல்லை. இன்னொரு குடும்பம் போய் நல்லா நிக்குது. மனுசிக்கு அரச வேலை, தாய் தகப்பன் ஒரே வளவில, பிள்ளையள் சின்னன். இப்ப உங்களிட்ட இருக்கிறதும் கிட்டத்தட்ட அதுதான்.

எங்கட வயசு ஆக்கள் அரைவாசி அரைவாசியா இருக்கிறம். குளிருக்கு ஊரில, வெயிலுக்கு இஞ்ச. ஒன்ராறியோ சுகாதார அட்டைக்கு வருஷத்தில 153 நாள் இஞ்ச நிக்கவேணும், முதியோர் பென்ஷனை வெளிநாட்டில இருந்து எடுக்கப் பதினெட்டு வயசுக்குப் பிறகு 20 வருஷம் இஞ்ச இருந்திருக்க வேணும். அது பிள்ளையள் வளந்த ஆக்களின்ர ஏற்பாடு. பள்ளிக்கூடப் பிள்ளையளை வைச்சுக்கொண்டு அப்பிடி இழுபட ஏலாது. தகப்பன் இஞ்ச, தாயும் பிள்ளையளும் அங்க எண்ட ஏற்பாட்டையும் கொஞ்சப் பேர் செய்யினம். நான் கண்டதில அது ஒண்டும் சந்தோஷமாப் போகேல்லை.

கடைசியா, மாமியின்ர பேரில இருக்கிற வளவில வீடு கட்டலாம் எண்டு எழுதியிருந்தியள். அது உறுதிக் காணியா (சொந்தப் பத்திரம் உள்ளது), பெர்மிட் காணியா (அரசாங்கம் அனுமதியில குடுத்தது)? உறுதி எண்டா காணிப் பதிவகத்தில பதிவு எடுத்து, நில அளவையாளரைக் கொண்டு எல்லை பாத்து, நன்கொடையா எழுதுவிக்கலாம். கனகாலம் ஆள் இல்லாமல் கிடந்த துண்டெண்டா ஆராவது உள்ள இருக்கினமோ எண்டும் பாருங்கோ; பத்து வருஷம் தடையில்லாமல் ஆண்டனான் எண்டு வழக்கு வைக்க அங்க சட்டம் இடம் குடுக்குது. 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்துக்குக் கீழ குடுத்த பெர்மிட் எண்டா, பிரதேச செயலகத்தில பின்னுரித்தாளரா (மாமிக்குப் பிறகு காணி போய்ச் சேருற ஆளா) ஆற்ற பேர் எழுதியிருக்கெண்டு பாக்கவேணும். மாமி சொன்ன வாய்வாக்கு அங்க செல்லாது, மச்சான் ஒருத்தரின்ர பேர் இருந்தா நீங்கள் கட்டிற வீடு அவற்ற வீடு. கேட்டு எழுதுங்கோ, மிச்சத்தை அதுக்குப் பிறகு கதைப்பம்.