தவழும் மரச்சுரங்கம்: மரத்துக்கு முன்னால் மண்ணைப் பாருங்கள்

கேள்வி: வலங்கைமான் பக்கம் சின்னதாக ஒரு நர்சரி பள்ளி நடத்துகிறோம். பின்பக்கத் திடலில் பிள்ளைகள் தவழ்ந்து போக மரத்தில் ஒரு சுரங்கம் வைக்க ஆசை. வெளியூர் ஏஜென்ட் ஒருவர் கேட்டலாக் காட்டி, ‘ட்ரீட்டட் பைன் மரம், பத்தடி நீளம், இரண்டடி விட்டம், 10 வருட கேரண்டி’ என்கிறார். உள்ளூர் ஆசாரி தேக்கிலேயே செய்து தருகிறேன் என்கிறார். கமிட்டியில் ஒருவர், இடித்த பழைய வீட்டு மரம் தன்னிடம் கிடக்கிறது, அதையே போடலாம் என்கிறார். ஐப்பசி, கார்த்திகையில் திடலில் தண்ணீர் நிற்கும். கரையானும் உண்டு. எதை எடுப்பது ஐயா?

பதில்: ஆசாரியிடமே செய்யச் சொல்லுங்கள். ஆனால் அவர் சொல்கிறபடி அல்ல, நீங்கள் எழுதிக் கொடுக்கிறபடி. ஏன் என்று சொல்கிறேன்.

மூன்று பேரும் மரத்தைப் பற்றியே பேசியிருக்கிறார்கள். அது எங்கே நிற்கப்போகிறது என்பதை ஒருவரும் பேசவில்லை. உங்கள் ஊர் மண் களிமண். சித்திரையில் கை நுழைகிற அளவு வெடிக்கும், ஐப்பசியில் உப்பி மூடிக்கொண்டு சொட்டுத் தண்ணீரைக் கீழே விடாது. அந்த மண்ணில் மரக்காலை நேரே நட்டால் என்ன ஆகும் என்று தெரிய வயல் வேலியைப் பார்த்தால் போதும். வேலிக்கால் எப்போதும் தரைமட்டத்தில்தான் முறியும். மரத்தைத் தின்னும் பூஞ்சைக்கு ஈரமும் வேண்டும், காற்றும் வேண்டும். இரண்டும் சேர்ந்து கிடைக்கிற இடம் தரைமட்டத்திலிருந்து கீழே ஒரு சாண் ஆழம் வரை. கரையானும் அந்த வழியாகத்தான் ஏறும்.

அதனால் எந்த மரமானாலும் அது மண்ணைத் தொடக்கூடாது. போன மழைக்கு உங்கள் திடலில் தண்ணீர் எவ்வளவு உயரம் நின்றது என்று ஆயாம்மாவைக் கேளுங்கள், சரியாகச் சொல்வார். அதற்கு மேல் அரையடி உயர்த்திச் சின்னச் சின்னக் கான்கிரீட் பீடங்கள். பீடத்துக்குள் பதித்த, துத்தநாகம் பூசிய இரும்புப் பட்டை. அந்தப் பட்டையில் போல்ட் போட்டு மரச்சட்டம். மரத்துக்கும் கான்கிரீட்டுக்கும் நடுவே ஓர் அங்குல இடைவெளி. கரையான் இதையும் தாண்டப் பார்க்கும், ஆனால் பீடத்தின் வெளிப்புறத்தில் மண்குழாய் கட்டித்தான் வரவேண்டும். மாதம் ஒருமுறை குனிந்து பார்த்தால் கண்ணில் படும், தட்டிவிடலாம். மண்ணுக்குள் நட்ட காலில் ஏறினால் உங்களுக்குத் தெரியவே தெரியாது.

கேட்டலாக்கில் புல்மேட்டுக்குள் பாதி புதைத்த மரச்சுரங்கம் அழகாக இருக்கும், அதை மறந்துவிடுங்கள். மேட்டுக்குள் சுரங்கம்தான் வேண்டும் என்றால் நகராட்சிப் பூங்காக்களில் போடுகிற மாதிரி ஹியூம் பைப் என்கிற கான்கிரீட் குழாயைப் போடுங்கள்.

இப்போது பைன். பூஞ்சையையும் கரையானையும் எதிர்க்கப் பைன் மரத்துக்குச் சொந்த பலம் கிடையாது. அழுத்தம் கொடுத்து உள்ளே ஏற்றிய மருந்துதான் அதன் ஆயுள். எந்த மருந்து என்று ஏஜென்டைக் கேட்டீர்களா? செம்பு, குரோமியம், ஆர்சனிக் மூன்றும் கலந்த மருந்து ஒன்று உண்டு, சுருக்கமாக சி.சி.ஏ. என்பார்கள். ஆர்சனிக் என்றால் பாஷாணம்தான். வீட்டுத் தளம், விளையாட்டுச் சாமான் போன்ற உபயோகத்துக்கு இந்த மருந்து ஏற்றுவதை அமெரிக்காவில் 2003 முடிவோடு நிறுத்திவிட்டார்கள். நம் ஊரில் கேட்டால் ‘கெமிக்கல் ட்ரீட்மென்ட் மேடம்’ என்று பதில் வரும். அது பதிலே இல்லை. மருந்தின் பெயரும் ஆர்சனிக் இல்லை என்ற உறுதியும் பில்லிலேயே எழுதி வரவேண்டும். பச்சை சாயல் இருந்தால் ட்ரீட்டட் மரம் என்று சொல்வதையும் நம்பாதீர்கள், சாயம் பூசினாலும் பச்சைதான். அப்புறம், உங்கள் திடலுக்கு வந்து அளவு சரியில்லை என்று ரம்பம் போட்டு அறுத்தார்களானால், அறுத்த முகத்தில் மருந்து போய்ச் சேராத உள்மரம் வெளியே வந்துவிடும். அந்த முனையிலிருந்துதான் உளுக்கத் தொடங்கும்.

10 வருட கேரண்டித் தாளை முழுக்கப் படியுங்கள். தண்ணீர் தேக்கம், கரையான், ‘முறையற்ற உபயோகம்’ மூன்றும் நீங்கலாக என்று எங்காவது பொடி எழுத்தில் இருக்கும். டெல்டாவில் இந்த மூன்றையும் நீக்கிவிட்டால் கேரண்டியில் மிச்சம் என்ன?

இன்னொரு வித்தை ஐ.எஸ்.ஐ. சான்றிதழ். 2021 ஜனவரி முதல் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம், உண்மைதான். அந்த முத்திரைக்கான ஐ.எஸ். 9873 தரத்தின் நாலாம் பகுதி ஊஞ்சல், சறுக்கு வகைகளைப் பற்றியது. ஆனால் அது வீட்டுக் குடும்ப உபயோகத்துக்கு எழுதியது. நாற்பது பிள்ளைகள் தினமும் ஏறி இறங்குகிற பள்ளித் திடலுக்கு எழுதியது இல்லை. ஏஜென்ட் அந்தத் தாளைக் காட்டுவார், கமிட்டி தலையாட்டும், ஃபைலில் சேர்ந்துவிடும்.

ஃபைல் என்றதும் இதையும் சொல்லியாகவேண்டும். மூன்று கொட்டேஷன் வாங்கவேண்டும் என்பது நல்ல விதி. நடைமுறையில் மூன்றையும் அதே ஏஜென்டே கொண்டுவந்து தருகிறார். மூன்றிலும் அதே எழுத்துப் பிழை. குறைந்த தொகைக்காரருக்கு ஆர்டர். சுரங்கம் வந்து இறங்கியதும் போட்டோ, அதோடு கணக்கு முடிந்தது. மறுவருஷம் எண்ணெய் பூசவோ ஒரு ஸ்க்ரூ முடுக்கவோ எந்தத் திட்டத்திலும் ஒரு ரூபாய் ஒதுக்கமாட்டார்கள். பொதுப் பூங்காக்களில் உடைந்து கிடக்கிற சாமானில் பல மட்டமான பொருளால் உடைந்தது அல்ல, முடுக்காத போல்ட்டால் உடைந்தது. உங்களுடையது சின்னப் பள்ளி, முடிவு உங்கள் கையில். ஒரே கொட்டேஷன் வாங்கினாலும் அளவு போட்ட வரைபடத்தோடு வாங்குங்கள்.

தேக்குக்கு வருவோம். ‘தேக்கு’ என்ற பெயருக்குக் காசு கொடுக்காதீர்கள், வைரத்துக்கு, அதாவது நடுவில் முற்றிய மரத்துக்குக் கொடுங்கள். தஞ்சாவூர்ப் பக்கம் வாய்க்கால் கரைத் தேக்கு பார்த்திருப்பீர்கள். வரப்போரம் விவசாயிகளும் நட்டிருக்கிறார்கள். நல்ல தண்ணீர் குடித்து மளமளவென்று பருக்கிற மரம் அது. பதினைந்து வருஷத்தில் வெட்டினால் நடுவில் கொஞ்சம் வைரம், சுற்றிலும் வெளிறு, அதாவது முற்றாத மரம். கரையானுக்குத் தேக்கு வெளிறும் ஒன்றுதான், முருங்கையும் ஒன்றுதான். மரவாடியில் அறுத்துப் பாலிஷ் போட்ட பலகையைப் பார்த்து விலை பேசாதீர்கள். அறுப்பதற்கு முன் கட்டையின் வெட்டுமுகத்தைப் பாருங்கள். உள்வட்டம் பழுப்பாக இருக்கும், வெளிவட்டம் வெளுத்திருக்கும். பழுப்பு மட்டுமே உங்கள் பலகை. ஆசாரி ‘அதெல்லாம் கழித்தால் கட்டுப்படியாகாதுங்க’ என்பார். அளவைக் குறைத்துக்கொள்ளுங்கள், வெளிறைச் சேர்க்காதீர்கள்.

தென்னையும் பனையும் வேண்டாம். கஜா புயலுக்குப் பிறகு தென்னங்கட்டையில் எல்லாம் செய்யலாம் என்று கிளம்பினார்கள். வெளிப்புறம் கெட்டி, நடு சோறு. பனை கெட்டிதான், ஆனால் அதன் சிராய் கறுத்த ஊசி. முழங்காலில் தவழ்கிற பிள்ளைக்கு ஆகாது.

கமிட்டிக்காரர் சொன்ன பழைய வீட்டு மரத்தைச் சும்மா ஒதுக்கிவிடாதீர்கள். உங்கள் மூன்று யோசனைகளில் சிறந்ததாகவும் ஆகக்கூடியது அது, மோசமானதாகவும் ஆகக்கூடியது. கும்பகோணம் சுற்றுவட்டாரத்தில் இடிக்கிற பழைய வீடுகளில் கிடைக்கிற மரம் பெரும்பாலும் முற்றியது, பல பத்தாண்டுகள் காய்ந்தது, இனி சுருங்க அதில் ஒன்றும் மிச்சமில்லை. எல்லாரும் ‘பர்மாத் தேக்கு’ என்பார்கள், இருக்கட்டும், வைரமா என்று மட்டும் பாருங்கள். சிக்கல் பெயின்டில். பழைய எனாமல் பெயின்டுகளில் ஈயம் அள்ளிப் போட்டிருப்பார்கள். நம் நாட்டில் வீட்டுப் பெயின்டில் ஈயம் 90 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 90 பங்கு) தாண்டக்கூடாது என்ற விதியே 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. பெயின்டை இழைத்து எடுத்துவிட்டால் போயிற்று என்று ஆசாரி சொல்வார். இழைக்கும்போது பறக்கிற தூள்தான் விஷம். ஈயம் சின்னப் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கிறது. ஆகவே கதவு, ஜன்னல், நிலை, இவை எதுவும் வேண்டாம், எத்தனை அழகான வேலைப்பாடு இருந்தாலும் வேண்டாம். பொங்கலுக்குப் பொங்கல் பெயின்ட் வாங்கியவை அவை. கூரையிலிருந்து இறங்கிய உத்திரம், கைமரம், பரண் சட்டம் என்றால் பெயின்டே படாமல் இருக்க வாய்ப்பு அதிகம். அதிலும் ஒரு பக்கமாவது நிறம் தெரிந்தால் தள்ளி வையுங்கள். சுவருக்குள் சொருகியிருந்த முனைகளை ஓரடி அறுத்துத் தள்ளுங்கள், உளுப்பு அங்கேதான் ஒளிந்திருக்கும். அடித்துப் பார்த்தால் மொத்தையாக ஒலிக்கிற கட்டை வேண்டாம், கணீரென்று ஒலிக்கவேண்டும். உள்ளே முறிந்த பழைய ஆணிகள் இருக்கும். காந்தம் வைத்துத் தேடி எடுத்த பிறகே மில்லுக்குக் கொண்டுபோங்கள், இல்லாவிட்டால் பிளேடு போச்சு என்று மில்காரர் உங்களிடம் சண்டைக்கு வருவார். இத்தனையும் செய்ய உங்களுக்குப் பொறுமை இருந்தால், பேசாமல் அந்த மரத்தையே எடுங்கள்.

அளவு விஷயத்தில் கேட்டலாக்குக்காரரின் சுரங்கம் அடிபட்டுப்போகிறது. விளையாட்டுத் திடல்களுக்கான ஐரோப்பியத் தரம் ஈ.என். 1176, இருபுறமும் திறந்த சுரங்கம் இரண்டு மீட்டர் நீளம் வரை என்றால் உள்ளளவு 50 செ.மீ. இருக்கவேண்டும் என்கிறது. அதைத் தாண்டினால் 75 செ.மீ. வேண்டும். அவருடையது பத்தடி, அதாவது மூன்று மீட்டர். இரண்டடி விட்டம் என்றால் 60 செ.மீ. மட்டுமே. நீங்கள் ஆறடி நீளத்தோடு நிறுத்துங்கள், ஆனால் உள்ளளவை இரண்டரை அடியாகவே வையுங்கள். நடுவில் போய் உட்கார்ந்து அழுகிற பிள்ளையைத் தூக்கி வர டீச்சர் உள்ளே போகவேண்டும் அல்லவா. வட்டமும் வேண்டாம், வளைக்கக் கூலி அதிகம். சதுரச் சட்டம் போட்டுப் பலகை அடித்தால் போதும்.

இடுக்குகளில் கவனம் வேண்டும். மூன்றரை அங்குலத்துக்கு மேல், ஒன்பது அங்குலத்துக்குள் எந்தத் திறப்பும் இருக்கக்கூடாது. கால் முதலில் நுழையும், உடம்பு நுழையும், தலை மாட்டிக்கொள்ளும். விரல் மாட்டுகிற இடுக்கு 8 முதல் 25 மி.மீ. வரை. ஆகவே பலகைக்குப் பலகை ஐந்தாறு மி.மீ. விட்டால் தண்ணீரும் வடியும், விரலும் நுழையாது. ஈரமரத்தில் செய்தால் இந்தக் கணக்கு தப்பும். நாலங்குலப் பலகை காயும்போது மூன்று மி.மீ. வரை சுருங்கலாம், ஆறு விட்ட இடுக்கு ஒன்பதாகிவிடும். மாறாக, சித்திரையில் நெருக்கி அடித்த பலகை கார்த்திகையில் உப்பி எழும்பும். அறுத்த பலகையை நடுவில் குச்சி வைத்து நிழலில் அடுக்கி, காய்ந்த பிறகே வேலையைத் தொடங்கச் சொல்லுங்கள். ஆணி அடிக்கவே வேண்டாம். துருப்பிடிக்காத ஸ்க்ரூ, தலை மரத்துக்குள் அமுங்கியிருக்கவேண்டும்.

எது பூசினாலும் பூசுங்கள், பழைய என்ஜின் ஆயில் மட்டும் பூசவிடாதீர்கள். ‘கரையான் அண்டாது’ என்று மெக்கானிக் ஷெட்டிலிருந்து ஒரு டின் சும்மா கொண்டுவந்துவிடுவார்கள். அதில் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்கள் இருக்கின்றன, பிள்ளைகளின் கையும் முழங்காலும் நாள் முழுக்க அதில் படும். தார், வீட்டு அஸ்திவாரத்துக்கு அடிக்கிற கரையான் மருந்து, இவையும் அதே கதைதான். பளபள வார்னிஷ் ஒரு கோடைக்கு உரிந்துவிடும். காய்ச்சிய ஆளிவிதை எண்ணெய் போதும், வருஷம் ஒருமுறை ஆவணியில், மழைக்கு முன்னால். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள், தானாகவே பற்றிக்கொள்ளும். விரித்துக் காயப்போட்டு அப்புறம் எறியுங்கள்.

இடம்: வைக்கோல் போர், மூங்கில் புதர், வயல் வரப்பு இவற்றிலிருந்து தள்ளி. ஒரு வாயிலிருந்து பார்த்தால் மறுவாய் வெளிச்சமாகத் தெரியவேண்டும். காலையில் பிள்ளைகள் வருமுன் ஆயாம்மா ஒரு கம்பால் தட்டி உள்ளே பார்க்கட்டும். கட்டுவிரியனுக்கும் குளவிக்கும் இந்த மாதிரி இடம் ரொம்பப் பிடிக்கும்.

பணத்தை மட்டும் ஒரே தவணையில் கொடுத்துவிடாதீர்கள். ஜூனில் பள்ளி திறப்பதற்குள் வேலை முடிந்தாலும் கால் பங்கைக் கார்த்திகை வரை நிறுத்திவையுங்கள். அதை ஆர்டரிலேயே எழுதுங்கள். மழை விட்டதும் ஆசாரியைக் கூப்பிட்டு, தரைப்பலகையில் தண்ணீர் நிற்கிறதா, ஏதாவது பலகை எழும்பியிருக்கிறதா, ஸ்க்ரூ தளர்ந்திருக்கிறதா என்று அவரையே தடவிப் பார்த்துச் சரிசெய்யச் சொல்லிவிட்டு மீதியைக் கொடுங்கள். உள்ளூர்க்காரர், ஒப்புக்கொள்வார். அந்த ஏஜென்டிடமும் இதே நிபந்தனையைச் சொல்லிப் பாருங்களேன், மறுபடி போன் வருகிறதா பார்ப்போம்.