ஸ்கை தீவும் வழிகாட்டியின் குரலும் – கடிதம்

மதிப்பிற்குரிய ஐயா,

சென்ற மாதம் எடின்பரோவிலிருந்து புறப்படும் ஐந்து நாள் சுற்றுலா ஒன்றில் சேர்ந்து ஸ்காட்லாந்தின் மலைநாட்டையும் ஸ்கை தீவையும் பார்த்துவந்தோம். அங்கே சென்றது பற்றி நீங்கள் முன்பு எழுதியிருந்ததுதான் எங்களைக் கிளம்பச் செய்தது. ஆனால் எனக்கு ஓர் ஏமாற்றம். வழிகாட்டி வண்டியை ஓட்டியபடியே ஓயாமல் பேசிக்கொண்டு வந்தார். எந்தப் பள்ளத்தாக்கில் நுழைந்தாலும் ஒரு படுகொலை, ஒரு போர், ஊரைவிட்டுத் துரத்தப்பட்ட மக்கள். நான் போனதோ மலைகளின் அமைதியை அனுபவிக்க. போதாததற்கு, இடத்துக்கு இருபது நிமிடம்தான் கொடுத்தார்கள். அடுத்த முறை காரை வாடகைக்கு எடுத்துக்கொண்டு நாங்களே போவதாக இருக்கிறோம். இயற்கையைக் காண வழிகாட்டி எதற்கு? உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

அன்புடன்,
க.

அன்புள்ள க.,

இருபது நிமிடக் கணக்கைப் பற்றிய உங்கள் குறை நியாயமானது. அதற்குப் பிறகு வருகிறேன். ஆனால் அந்தக் குரலைப் பற்றி நீங்கள் எழுதியதை என்னால் ஏற்க முடியவில்லை. நீங்கள் அங்கே அமைதி என்று கண்டதில் பெரும்பகுதி இயற்கை தந்ததன்று; மனிதர் மனிதருக்குச் செய்தது.

ஸ்கை தீவில் பிராட்ஃபோர்டிலிருந்து எல்கோல் செல்லும் சாலையோரமாக, கூரையிழந்த ஒரு பழைய தேவாலயம் நிற்கிறது. அதற்கு அருகிலிருந்து எங்கள் வழிகாட்டி எங்களைத் தெற்கே, கடலை நோக்கி நடத்திச் சென்றார். பழுப்பு நிறப் புதர்நிலத்தின் வழியே நெடுநேரம் நடந்து கடற்கரைச் சரிவில் இறங்கியபோது, திடீரென்று எல்லாம் பச்சையாக மாறியது. எத்தனை அழகான புல்வெளி என்று நான் சொன்னேன். அவர் பதில் பேசாமல் கைத்தடியால் சரிவைச் சுட்டிக் காட்டினார். மாலை வெயில் சாய்ந்து விழுந்ததால் புல்லின் அடியில் இணைகோடுகளாக மேடும் பள்ளமும் ஓடுவது தெரிந்தது. மண்வெட்டியால் கொத்தி, கடற்பாசியைச் சுமந்து வந்து உரமிட்டு, உருளைக்கிழங்கும் ஓட்ஸும் விளைவித்த பாத்திகள் அவை. ஆங்கிலத்தில் அவற்றுக்குச் ‘சோம்பேறிப் பாத்திகள்’ என்று பெயர் என்று அவர் சொன்னபோது, அந்த உழைப்பின் சுவட்டைப் பார்த்துக்கொண்டிருந்த எங்களுக்கு மனம் கனத்தது. சற்றுத் தள்ளி, இடுப்பளவு உயரத்தில் கல்சுவர்கள் இருந்தன. வாசற்படி இன்னும் இருந்தது. உள்ளே ஆடுகள் படுத்திருந்தன. போரெரெய்க் என்னும் அந்த ஊர் 1853-இல் நிலவுடைமையாளர் தரப்பினரால் காலி செய்யப்பட்டது. அவர் சொல்லியிராவிட்டால் நான் அதைப் புல்வெளி என்றே எண்ணி ஊர் திரும்பியிருப்பேன்.

1746 ஏப்ரல் 16 அன்று கல்லோடன் சமவெளியில், கிளர்ந்தெழுந்த மலைநாட்டுக் குலப்படைகள் அரசுப் படையிடம் தோற்று, ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துபோன போருக்குப் பிறகு, குலத்தலைவனுக்கும் குடிகளுக்கும் இருந்த பழைய பிணைப்பு அறுந்தது. தலைவர்கள் வெறும் நிலவுடைமையாளர்கள் ஆனார்கள். குடியானவர் தரும் குத்தகையைவிட ஆட்டுப்பண்ணை அதிகப் பணம் தந்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தொடங்கி ஏறத்தாழ நூறாண்டுகள் பள்ளத்தாக்கு பள்ளத்தாக்காக மக்கள் வெளியேற்றப்பட்டார்கள்; கடலோரத்துக்கும் கனடாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போனார்கள். ஆகவே உங்கள் வழிகாட்டி இயற்கைக் காட்சியின்மேல் வரலாற்றை ஏற்றிவைக்கவில்லை. அந்தக் காட்சியில் வீடுகள் ஏன் இல்லை என்பதைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

பாறைகளுக்கும் இது பொருந்தும். ட்ரோட்டர்னிஷ் தீபகற்பத்தின் ஸ்டோர் கல்தூணையும் குவிராங் சரிவையும் யாரும் எதையும் சொல்லாமலே பார்த்து மலைத்து நிற்கலாம்தான். ஆனால் ஏறத்தாழ ஆறு கோடி ஆண்டுகளுக்கு முன் வழிந்து இறுகிய எரிமலைக் குழம்புப் பாறை, தனக்கு அடியிலிருக்கும் மென்மையான பழைய படிவுப்பாறையின்மேல் பாரம் தாளாமல் சரிந்ததால்தான் அந்தத் தூண்கள் உருவாயின என்பதையும், குவிராங் இன்றும் சிறிது சிறிதாக நகர்வதால் அதன் அடிவாரச் சாலையை அடிக்கடி செப்பனிட வேண்டியிருக்கிறது என்பதையும் கேட்டுவிட்டு நிமிர்ந்தால், அசையாதது என்று நினைத்த மலை அசைந்துகொண்டிருப்பதாகவே கண்ணுக்குப் படும்.

காரில் போவது பற்றி: தீவின் உட்பகுதிச் சாலைகள் பல ஒற்றைத் தடம் கொண்டவை. எதிரே வண்டி வந்தால் ஒதுங்கும் இடம் வரை பின்னால் போகவும் நேரும். ஓட்டுபவர் சாலையைத்தான் பார்ப்பார், மலையைப் பார்க்க மாட்டார். உங்கள் வீட்டில் அது நீங்களாகத்தான் இருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன்.

இனி இருபது நிமிடம். இந்தக் குறை வழிகாட்டியால் வருவதன்று, திட்டத்தால் வருவது. எடின்பரோவிலிருந்து ஸ்கையின் முக்கிய ஊரான போர்ட்ரீக்கு நிற்காமல் ஓட்டினாலே ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆகும். க்ளென்கோவிலும் நெஸ் ஏரியிலும் எய்லீன் டோனன் கோட்டையிலும் நிறுத்திப் போனால் ஒரு முழுப் பகலே போய்விடும். ஐந்து நாளில் மலைநாடு முழுவதையும் சுற்றிக் காட்டுவதாகச் சொல்பவர்களைத் தவிர்த்துவிடுங்கள். ஸ்கையில் ஒரே விடுதியில் மூன்று இரவுகள் தங்கவைத்து, ஒரு நாளையாவது நடைக்கு ஒதுக்கும் சிறிய குழுவைத் தேடுங்கள். மழையைப் பார்த்து நாட்களை மாற்றிப் போட வழிகாட்டிக்கு உரிமை உண்டா என்று முன்பே கேளுங்கள். அங்கே மேகம் இறங்கிவிட்டால் ஸ்டோர் இருந்த இடமே தெரியாது.

மே மாதத்தில் போனால், மிட்ஜ் எனப்படும் கடிக்கும் பொடிப்பூச்சிகள் பெருகுவதற்கு முன் திரும்பிவிடலாம். மாத இறுதியில் இரவு பத்து மணி வரை வெளிச்சம் இருக்கும். நீங்கள் விரும்பிய தனிமை அந்த நேரத்தில் கிடைக்கும். பகலில் கேட்டதை மனத்தில் வைத்துக்கொண்டு, இரவுணவுக்குப் பின் தனியாக நடந்து செல்லுங்கள். ஸ்காட்லாந்தில் 2003-ஆம் ஆண்டின் நிலச்சீர்திருத்தச் சட்டப்படி, பிறருக்குத் தீங்கு செய்யாமல் பொறுப்போடு நடப்பவர் பெரும்பாலான நிலங்களில் கால்வைக்கலாம்.

போர்ட்ரீக்குத் தெற்கே பிரேஸ் என்னும் சிற்றூர்ப் பகுதிக்குச் செல்லும் சாலையோரத்தில், கற்களை அடுக்கி எழுப்பிய ஒரு நினைவுச்சின்னம் இருக்கிறது. சுற்றுலா வண்டிகள் பெரும்பாலும் அந்தப் பக்கம் திரும்புவதில்லை. பென் லீ மலையின் மேய்ச்சல் உரிமையைத் திருப்பிக் கேட்டு குத்தகை கொடுக்க மறுத்த குடியானவர்களைக் கைது செய்ய, 1882 ஏப்ரலில் கிளாஸ்கோவிலிருந்து ஏறத்தாழ ஐம்பது போலீஸார் கொண்டுவரப்பட்டார்கள். பெண்கள் முன்னே நின்று கற்களை எறிந்தார்கள். மறு ஆண்டு, குடியானவர்களின் குறைகளை விசாரிக்க அரசு அமைத்த நேப்பியர் ஆணையம் தன் முதல் விசாரணையை அந்த ஊரிலேயே நடத்தியது. 1886-இல் வந்த சட்டம், நியாயமான குத்தகை கொடுத்துவரும் குடியானவரை நிலத்திலிருந்து வெளியேற்ற முடியாது என்று ஆக்கியது. இன்று அந்தத் தீவில் சிறுசிறு நிலத்துண்டுகளுக்கு நடுவே நீங்கள் பார்க்கும் வெள்ளை வீடுகள் பலவும் நிலைத்தது அதனால்தான். அடுத்த முறை உங்கள் வழிகாட்டியிடம் அங்கே வண்டியைத் திருப்பச் சொல்லுங்கள். அவர் பேசட்டும், குறுக்கிடாமல் கேளுங்கள்.