வர்ணம் பாதியில் களைக்கிறது, தாளம் விட்டுப்போகிறது

கேள்வி: என் மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். சிறு வயதிலிருந்து வாரம் இரண்டு நாள் பரதநாட்டிய கிளாஸ் போகிறாள். ஆசைக்குக் கற்பதுதான், மேடை லட்சியம் இல்லை. மூன்று மாதத்தில் ஹையர் கிரேடு தேர்வு. வர்ணம் என்ற நீண்ட உருப்படியில் பாதியிலேயே களைத்துவிடுகிறாள், முழங்கால் வலி என்கிறாள், ஜதி (தாளச் சொற்கட்டு) சொல்லச் சொன்னால் தாளம் விட்டுப்போகிறது. தேர்வைத் தள்ளிப்போடலாமா?
– வாசகி, திருமங்கலம்

பதில்: தள்ளிப்போட வேண்டாம், சகோதரி. வாரம் இரண்டு வகுப்பு ஆட்டத்துக்குப் போதும். அவளுக்குப் பழக்கம் போதாதது வாய்க்கும் கைக்கும்தான். இந்தத் தயாரிப்பில் பாதி, உட்கார்ந்தபடியே செய்வது.

ஆதி தாளத்துக்கு ஒரு தட்டு, சுண்டுவிரலில் தொடங்கி மூன்று விரல் எண்ணிக்கை, பிறகு இருமுறை தட்டி வீசுவது, ஆக 8 அட்சரம் (தாள எண்ணிக்கை). தீர்மானத்தை (ஜதிக் கோவையை) மூன்று காலத்தில், அதாவது மூன்று வேகத்தில், சொல்லும்போது சொல்தான் வேகமாக வேண்டும், கை அல்ல. இரண்டாம் காலம் வந்ததும் கையும் சேர்ந்து ஓடிவிடும், மூன்றாம் காலத்தில் மூச்சு முட்டும். ஃபோனில் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60-ல் வைத்து, ‘தகதிமி’யை முதலில் அட்சரத்துக்கு ஓர் எழுத்தாகவும், பிறகு இரண்டாகவும், பிறகு நான்காகவும் சொல்லட்டும். அது நிலைத்தபின் ‘தகிட’, அதன்பின் ‘தகதகிட’. ஐந்து எழுத்தாக வரும் இந்தக் கண்ட நடையில்தான் பலரும் விழுகிறார்கள்: ‘தக’ அவசரமாகப் போய் ‘தகிட’ இழுபடும். ஐந்து எழுத்துக்கும் ஒரே இடைவெளி வேண்டும். நடுவே சொல் தவறினால் கையை நிறுத்தவே கூடாது. தாளம் போய்க்கொண்டே இருக்கட்டும், அடுத்த ஆவர்த்தனத்தின் (தாளச் சுற்றின்) சமத்தில், அதாவது முதல் தட்டில், சேர்ந்துகொள்ளலாம். தினமும் 20 நிமிடம் இதற்கே. ஃபோனில் ஓடும் பாட்டோடு மட்டுமே ஆடிப் பழகிய பிள்ளைகள், பாட்டை நிறுத்திவிட்டு ஜதி கேட்டால் திகைத்துப்போவார்கள்.

களைப்புக்குக் காரணம் தெம்புக் குறைவு மட்டுமல்ல. எப்போதும் முதலிலிருந்தே தொடங்குவதால் வர்ணத்தின் தொடக்கத்தில் மூன்று காலத்திலும் வரும் திரிகால தீர்மானம் ஊறிப்போயிருக்கும், பிற்பாதியான சரணமும் அதன் ஸ்வரங்களும் களைத்த உடம்போடு மட்டுமே ஆடியதாக இருக்கும். இனி வீட்டில் சரணத்திலிருந்து தொடங்கட்டும். ஒருநாள் சரணம், மறுநாள் முதலிலிருந்து முற்பாதி முடியும் முத்தாயி ஸ்வரம் வரை. முழு வர்ணம் வாரத்துக்கு ஒருமுறை போதும், அதுவும் டான்ஸ் மிஸ் முன்னால். சித்திரை வெயில் நாட்களில் மத்தியானம் வேண்டாம், காலை ஆறு மணிக்குள் முடித்துவிடலாம்.

முழங்காலுக்கு ஒரு சோதனை. கண்ணாடி முன் அரைமண்டியில் (முழங்காலைப் பக்கவாட்டில் மடக்கிய பாதி உட்காரும் நிலையில்) நிற்கச் சொல்லுங்கள். முழங்கால் சில்லுக்கு நேர் கீழே பாதத்தின் இரண்டாம் விரல் இருக்க வேண்டும். முழங்கால் பெருவிரல் பக்கம் உள்ளே சாய்ந்தால், இடுப்பு திறக்காத அளவுக்குப் பாதத்தைத் திருப்பியிருக்கிறாள், அந்த முறுக்கல் முழங்காலில் விழுகிறது. பாதத்தின் கோணத்தைக் குறைத்து, தொடையை இடுப்பிலிருந்து திருப்பட்டும். இதை மிஸ்ஸிடம் காட்டியே திருத்துங்கள். தட்டும்போது உள்ளங்கால் முழுவதும் ஒரே சமயத்தில் விழ வேண்டும், குதிகால் பிந்தினால் இரட்டைச் சத்தம் கேட்கும். டைல்ஸ், கிரானைட் தரையில் முழு வேகத்தில் தட்டவே வேண்டாம், வீட்டில் அடக்கித் தட்டினால் போதும். வீக்கம் தெரிந்தாலோ, படி இறங்கும்போது வலித்தாலோ தேர்வு வரை காத்திருக்காமல் எலும்பு மருத்துவரைப் பாருங்கள்.

தேர்வில் அபிநயத்தில், கற்ற சஞ்சாரியை (ஒரு வரியைக் கதையாக விரித்துக் காட்டுவதை) விட்டு வேறொன்று செய்துகாட்டச் சொல்லவும் கூடும். மதுரைப் பக்கத்துப் பிள்ளைக்குப் பிட்டுக்கு மண் சுமந்த கதை போதும். ஈசன் வரும் எந்த வரிக்கும் அது உதவும். வைகைக் கரை உடைவது, வந்தியின் பிட்டை ஐந்து விரல் நுனியும் கூடும் முகுள ஹஸ்தத்தால் எடுத்து உண்பது, தலையில் மண்கூடை, முஷ்டியில் பிரம்பு. அடி விழும் இடம்தான் கடினம். அடித்த பாண்டியனே தன் முதுகில் அடி உணர்ந்து திடுக்கிட வேண்டும். அடிப்பவனாகத் தோள் நிமிர்ந்து நின்று, ஒரு கணம் அசையாமல், பிறகு முதுகு வளையட்டும். அந்த நிறுத்தம் இல்லையென்றால் யாருக்கு அடி விழுந்தது என்றே புரியாது.

தியரிக்கு நீங்களே உதவலாம். 28 அசம்யுத ஹஸ்தங்களை (ஒற்றைக் கை முத்திரைகளை) ஸ்லோகமாக ஒப்பிக்கும் பிள்ளை, நடுவில் ஒன்றைக் காட்டினால் பெயர் சொல்லத் தடுமாறும். புத்தகத்தை எங்காவது திறந்து ஒரு படத்தைக் காட்டி, பெயரும் இரண்டு விநியோகமும் (அந்த முத்திரை எதற்குப் பயன்படும் என்பதும்) கேளுங்கள்.

டியூஷனை நிறுத்த வேண்டாம். பள்ளி நாட்களில் 40 நிமிடம் போதும். கடைசி மூன்று வாரம் சலங்கை கட்டியே ஆடட்டும். அந்தக் கனத்தில் நாட்டடவில் (கால் நீட்டித் தட்டும் அடவில்) காலை நீட்டும் வேகமே மாறும்.