கட்டிலிலிருந்து விழுந்த பாட்டி

அன்புள்ள டாக்டருக்கு,

எனக்கு 27 வயது, ஊர் நாமக்கல். கதை எழுத ஆசைப்பட்டவளை இன்ஜினியரிங்கில் சேர்த்தார்கள். முடித்தேன். ஒரு வருஷம் பேங்க் எக்ஸாமுக்குப் படித்தேன். அப்புறம் மெடிக்கல் கோடிங் (நோயாளிகளின் ரிப்போர்ட்டைப் படித்து நோய்க்கும் காயத்துக்கும் குறியீட்டு எண் போடுகிற வேலை) 2 வருஷம், விளம்பர கம்பெனியில் 8 மாதம், சீரியல் வசனகர்த்தா ஒருவரிடம் உதவியாளராக 5 மாதம். பேசிய சம்பளத்தில் பாதிகூட அவர் தரவில்லை. இப்போது மறுபடி கோடிங், நைட் ஷிப்ட்.

கல்யாண வீடுகளில் “இப்ப என்னம்மா பண்ற?” என்று யாராவது கேட்டால் அம்மா முந்திக்கொண்டு பதில் சொல்கிறார். ஒரு நாவல் வந்துவிட்டால் எல்லார் வாயும் அடைந்துவிடும். ஆனால் பத்து மாதமாக ஒரு பக்கம்கூட நகரவில்லை.

கட்டிலிலிருந்து விழுந்தவருக்கு டபிள்யூ 06 என்று ஒரு கோடு உண்டு. அமெரிக்காவில் ஏதோ ஒரு பாட்டிக்கு அதைப் போட்டுவிட்டு, அவரை யார் தூக்கிவிட்டிருப்பார்கள் என்று யோசித்தபடி உட்கார்ந்திருந்தேன். அன்றைய டார்கெட் போச்சு. நான் எதற்கும் லாயக்கில்லாதவளா?

— பெயர் வேண்டாம்

அன்புள்ள வாசகிக்கு,

வேலைகளைப் பட்டியல் போட்ட பகுதி, கல்யாண வீட்டுப் பெரியப்பா யாரோ எழுதியதுபோல இருக்கிறது. பாட்டி வருகிற இடத்தில்தான் உங்கள் குரல் கேட்கிறது.

ஊர் வாயை அடைக்கிற பொறுப்பையெல்லாம் ஒரு நாவலின் தலையில் ஏற்றினால் அது எப்படி நகரும்? எழுத உட்கார்ந்ததும் பயம், எழுந்ததும் நிம்மதி. அந்த நிம்மதி பழகிப்போனால் மறுநாள் உட்காரவே மனசு வராது. தவிர்ப்பு என்று நாங்கள் சொல்வது இதைத்தான். வீட்டில் இதற்குச் சோம்பேறித்தனம் என்று பெயர் வைத்துவிடுவார்கள்.

எழுத்தாளர் அசோகமித்திரன் ஜெமினி சினிமா ஸ்டுடியோவில் பல வருஷம் வேலை பார்த்தார். பேப்பர் செய்திகளைக் கத்தரித்து ஃபைலில் சேர்ப்பது அவர் வேலைகளில் ஒன்று. பார்த்தவர்களுக்கு அவர் சும்மா பேப்பர் கிழித்துக்கொண்டிருக்கிற ஆள். பின்னாளில் அந்த ஸ்டுடியோ உலகம் அவர் எழுத்துக்குள் வந்தது. வேலையை விட்ட பிறகு பணக்கஷ்டமும் பட்டார், அதையும் சொல்லிவிடுகிறேன். அதனால் கோடிங்கை இப்போதைக்கு விடாதீர்கள்.

நாவலை மூடி வையுங்கள். ஷிப்ட் முடிந்து கேப் வரும்வரை இருபது நிமிஷம் கிடைக்குமா? அதில் அந்தப் பாட்டியைப் பற்றி அரைப் பக்கம். நோயாளியின் பெயர், விவரம் எதுவும் வேண்டாம். வேலைக்கும் ஆபத்து, நியாயமும் இல்லை. உங்கள் தெருவில் பார்த்த பாட்டி ஒருவரைக் கட்டிலில் படுக்க வையுங்கள். யாரிடமும் காட்டாதீர்கள். சுமாராக வந்தால் வரட்டும், மறுநாள் இன்னொரு அரைப் பக்கம்.

அடுத்த கல்யாணத்தில் அம்மா வாய் திறப்பதற்குள் நீங்களே “கோடிங் பார்க்கிறேன், கதையும் எழுதுகிறேன்” என்று சொல்லிப் பாருங்கள். முதல் தடவை குரல் கொஞ்சம் நடுங்கும்.

தூக்கம் கெட்டு, இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் மனசு ஒட்டவில்லை என்றால் மட்டும் தள்ளிப்போடாமல் மனநல மருத்துவரை நேரில் பாருங்கள்.

சரி, அந்தப் பாட்டியை யார்தான் தூக்கிவிட்டது?