அப்ளேஷனா, மாத்திரையா? அப்பாவின் தாறுமாறான துடிப்புக்கு எது சரி?

கேள்வி: அப்பாவுக்கு 63 வயது. ராமேஸ்வரத்தில் விசைப்படகில் தொழிலுக்குப் போகிறார். பிரஷர், சர்க்கரை இரண்டும் உண்டு. சில மாதங்களுக்கு முன் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், அதாவது இதயம் தாளம் தப்பித் துடிக்கும் நோய், என்றார்கள். படபடப்பு வந்து வந்து போகிறது. ஒரு டாக்டர் மாத்திரை போதும் என்கிறார். மதுரையில் பார்த்தவர் அப்ளேஷன், அதாவது இதயத்துக்குள் குழாய் விட்டுச் செய்யும் சிகிச்சை, செய்யலாம் என்கிறார். அதைச் செய்துவிட்டால் ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் மாத்திரையை நிறுத்தலாமா?

பதில்: கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுவோம். உங்கள் அப்பாவுக்கு அந்த மாத்திரை நிற்காது என்றுதான் எதிர்பார்க்க வேண்டும். நான் டாக்டர் இல்லை. மண்டபத்தில் ஐஸ் வியாபாரம். இதே நோய்க்கு மாத்திரை சாப்பிட்டுப் பார்த்து, அப்புறம் அப்ளேஷனும் செய்துகொண்டவன். எங்கள் சின்னம்மாவுக்கும் இதே நோய்தான், ஆனால் வைத்தியம் வேறு.

இதில் இரண்டு கேள்விகள் கலந்துகிடக்கின்றன. பக்கவாதம் வராமல் எப்படித் தடுப்பது என்பது ஒன்று. படபடப்பை என்ன செய்வது என்பது இன்னொன்று. அப்ளேஷன் இரண்டாவதற்கான வைத்தியம்.

இதயத்தின் மேல் அறை சுருங்கி விரியாமல் நடுங்கிக்கொண்டே இருந்தால், இடது மேல் அறையின் ஓரத்தில் உள்ள சின்னப் பையில் ரத்தம் தேங்கி உறையும். அந்தக் கட்டி மூளைக்குப் போய் அடைத்தால் பக்கவாதம். மற்றவர்களைவிட இந்த ஆபத்து சுமார் 5 மடங்கு. ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை யாருக்கு வேண்டும் என்பதற்கு டாக்டர்கள் ஒரு மதிப்பெண் போடுகிறார்கள். பிரஷருக்கு 1, சர்க்கரைக்கு 1, வயது 65 தொட்டால் 1, 75 தொட்டால் 2, முன்பே பக்கவாதம் வந்திருந்தால் 2, இப்படி. ஆணுக்கு 2 வந்தாலே மாத்திரை வேண்டும் என்பார்கள். உங்கள் அப்பா இப்போதே 2. 65 ஆனால் 3. அப்ளேஷன் செய்தாலும் அந்தக் கணக்கு குறையாது, ஏனென்றால் சர்க்கரையும் பிரஷரும் அங்கேயேதான் இருக்கின்றன. எனக்கு மதிப்பெண் எதுவும் இல்லாததால், அப்ளேஷனுக்குப் பிறகு சில மாதம் கொடுத்துவிட்டு நிறுத்தினார்கள். யாராவது ‘ஆஸ்பிரின் போட்டால் போதும்’ என்றால் கேட்காதீர்கள். இந்தக் கட்டியைத் தடுக்க அது போதாது. ரத்தக்கசிவு அபாயம் மட்டும் அதிலும் உண்டு.

ரத்தம் உறையாமல் தடுக்க எந்த மாத்திரை என்பதில் கடல் தொழிலையும் சொல்லிக் கேளுங்கள். அபிக்ஸபான் தினம் இரண்டு வேளை. ரிவராக்ஸபான் ஒரு வேளைதான், ஆனால் வயிறு நிறையச் சாப்பாட்டோடு போட வேண்டும். டபிகாட்ரான் கேப்சூலுக்கு ஈரம் ஆகாது. அட்டையிலிருந்து பிரித்து டப்பாவில் போட்டுப் படகுக்குக் கொண்டுபோகக் கூடாது. மணிக்கணக்கில் உப்புக்காற்றில் நிற்கிறவருக்கு இது சின்ன விஷயமில்லை. எதுவானாலும் கிட்னிக்கான கிரியாட்டினின் பரிசோதனை பார்த்துத்தான் அளவு சொல்வார்கள். திருக்கை முள் குத்தினால் ரத்தம் நிற்க நேரமாகும், அழுத்திக் கட்டலாம். தலையில் அடிபட்டால் காயம் தெரியாவிட்டாலும் கரைக்கு வந்ததும் ஆஸ்பத்திரிதான்.

சின்னம்மா கதை தனி. சிறு வயதில் வந்த மூட்டுவாதக் காய்ச்சலில் இதய வால்வு சுருங்கிப்போனது. அப்படிப்பட்டவர்களுக்கு புது மாத்திரையான ரிவராக்ஸபானைவிடப் பழைய அசிட்ரோம் வகைதான் நல்லது என்று 2022இல் வந்த பெரிய ஆய்வு சொன்னது. ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐஎன்ஆர் பரிசோதனையை அடிக்கடி எடுத்து 2க்கும் 3க்கும் நடுவில் வைக்க வேண்டும். கீரை கூடிக் குறைந்தால் அந்த அளவும் மாறும், அதனால் முருங்கைக்கீரையை விடவும் வேண்டாம், ஒரு வாரம் ஒன்றுமில்லாமல் மறுவாரம் தினமும் தின்னவும் வேண்டாம். பாசி எடுக்கக் கடலில் இறங்குகிறவர் என்பதால் பவளப் பாறையில் கீறாமல் விரல்களில் துணி சுற்றிக்கொள்வார். இந்த மாத்திரை வந்த பிறகு காலுக்கும் சுற்றுகிறார். உங்கள் அப்பாவுக்கு எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுத்து வால்வு நன்றாக இருக்கிறதா என்று பார்த்தார்களா? இல்லையென்றால் மற்ற பேச்சு எல்லாம் அப்புறம்.

இனி படபடப்பு. மெட்டோப்ரோலால் மாதிரி மாத்திரை துடிப்பின் வேகத்தைக் குறைக்கும், தாளத்தைச் சரிசெய்யாது. பலருக்கு அதுவே போதும். அமியோடரோன் தாளத்தைச் சரிசெய்யும். ஆனால் அதில் அயோடின் அதிகம், தைராய்டைக் கெடுக்கலாம், நுரையீரலையும் பாதிக்கலாம். வெயில் பட்டால் தோல் எரியும். பகல் முழுக்கத் தளத்தில் வெயிலில் நிற்பவருக்கு அதை நீண்ட நாள் கொடுப்பது எனக்கு ஒப்பவில்லை, டாக்டரிடம் கேட்டே ஆக வேண்டும்.

அப்ளேஷனில் தொடையிலுள்ள ரத்தக்குழாய் வழியாகக் குழாயை விட்டு, நுரையீரலிலிருந்து வரும் ரத்தக்குழாய்கள் இடது மேல் அறையில் சேரும் இடத்தைச் சுற்றிச் சூடு வைப்பார்கள், அல்லது உறைய வைப்பார்கள். கோளாறு பெரும்பாலும் அங்கிருந்துதான் கிளம்புகிறது என்று 1998இல் பிரான்ஸில் கண்டுபிடித்தார்கள். உங்கள் அப்பா மாதிரி வந்து போகும் வகைக்குப் பலன் அதிகம். எப்போதும் இருக்கும் வகைக்குக் குறைவு. ஆயுள் கூடும் என்று நம்பிச் செய்ய வேண்டாம்; 2019இல் வந்த பெரிய ஆய்வில் அது நிரூபணமாகவில்லை, ஆனால் வாழ்க்கை சுகப்பட்டது. 2020 ஆய்வு ஒன்று, நோய் கண்ட ஓராண்டுக்குள் மாத்திரையாலோ அப்ளேஷனாலோ தாளத்தைச் சரிசெய்யத் தொடங்கினால் பக்கவாதமும் இதய மரணமும் குறைகிறது என்றது. அதனால் ‘பார்த்துக்கொள்ளலாம்’ என்று வருடக்கணக்கில் தள்ளாதீர்கள். அபூர்வமாக இதயத்தைச் சுற்றி ரத்தம் கசிவது போன்ற ஆபத்து உண்டு. சிலருக்கு இரண்டாவது முறையும் செய்ய நேரும். எனக்கு ஒருமுறையோடு சரியானது, எப்போதாவது ஒரு குதிப்பு மட்டும்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால், படபடப்பில் அப்பாவுக்குத் தலைசுற்றலோ மூச்சுவாங்கலோ வருகிறதா என்று பார்ப்பேன். வந்தால் அப்ளேஷன் பக்கம் சாய்வேன். நடுக்கடலில் மயங்கி விழுவது வேறெதையும்விட மோசம். அந்த இரண்டும் இல்லையென்றால் படபடப்புக்கான மாத்திரையோடு ஆரம்பிப்பேன். கரை இறங்கியதும் ஊற்றிக்கொள்ளும் பழக்கம் இருந்தால் அதை நிறுத்தாமல் எந்த வைத்தியமும் நிலைக்காது. குறட்டை அதிகமென்றால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

செய்வதானால் தேதியை ஏப்ரல் 15க்குப் பக்கமாகக் கேளுங்கள். ஜூன் 14 வரை தடைக்காலம், படகு எப்படியும் கரையில்தான். அப்ளேஷனுக்குப் பின் முதல் இரண்டு மூன்று மாதம் துடிப்பு தப்புவது சகஜம். அதை வைத்துத் தோல்வி என்று எடுக்க மாட்டார்கள். அந்தப் படபடப்பை அவர் வீட்டிலிருந்தே கடந்துவிடலாம், வலை இழுக்கும் அவசரமும் இல்லை. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால், நீங்கள் செய்யப்போகும் அந்த வகை அப்ளேஷனுக்கு அனுமதி கிடைக்குமா என்று ஆஸ்பத்திரியின் காப்பீட்டுப் பிரிவில் அட்மிஷனுக்கு முன்பே கேட்டு வாங்கிவிடுங்கள்.