மாடித் தோட்டம்: எந்தப் பட்டத்துக்கு எந்தக் காய்? – கேள்வி பதில்

மதுரையிலும் சுற்றுப்பட்டு ஊர்களிலும் புதிதாகக் காய்கறி போட ஆரம்பித்தவர்கள் கேட்டவை.

வில்லாபுரம்: அண்ணே, மாடியில பத்துக்குப் பதினஞ்சடி இடம் சும்மா கிடக்கு. ஆனி பாதி ஆயிருச்சு. இப்பவே விதை போட்டுறலாமா? முதல் தடவைங்கிறதால எதை வச்சுத் தொடங்க?

பதில்: விதையை ஆடிக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதுவரைக்கும் மண் வேலை இருக்கிறது. செம்மண் இரண்டு பங்கு, நன்றாக மட்கிய சாணி எரு ஒரு பங்கு, கோகோபீட் (தேங்காய் நார்த் தூள்) ஒரு பங்கு. பன்னிரண்டு அங்குலப் பைக்கு 50 கிராம் வேப்பம்புண்ணாக்குத் தூள். கலந்து, லேசாக நீர் தெளித்து, நிழலில் பத்து நாள் போட்டு வையுங்கள். புண்ணாக்கு மட்கும்போது சூடு கிளம்பும்; கலந்த அன்றே விதைத்தால் முளை வெந்துவிடும். திருமங்கலம் பக்கத்துக் கரிசல் சும்மா கிடைக்கிறதே என்று அப்படியே பையில் நிரப்பாதீர்கள். காய்ந்தால் வெடிக்கும், நனைந்தால் களியாகி வேருக்குக் காற்றே போகாது. விளிம்புக்கு இரண்டு அங்குலம் கீழேயே மண்ணை நிறுத்துங்கள், தண்ணீர் நின்று இறங்க இடம் வேண்டும்.

முதல் பட்டத்துக்கு வெண்டை, கொத்தவரை, தண்டுக்கீரை போதும். வெண்டை விதையை ராத்திரி ஊறப்போட்டு, காலையில் பைக்கு மூன்றாக அரை அங்குல ஆழத்தில் ஊன்றுங்கள். நாலைந்து நாளில் முளைக்கும். இரண்டு இலை விட்டதும் திடமான ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைக் கத்தரிக்கோலால் நறுக்கிவிடுங்கள். பிடுங்கினால் பக்கத்து வேரும் ஆடும். சுமார் 45 நாளில் காய். ஒருநாள் விட்டு ஒருநாள் பறித்தே ஆக வேண்டும், ஒரு காயை முற்ற விட்டால் செடி அடுத்த பூவைக் குறைத்துக்கொள்ளும். கத்தரி போட ஆசை இருந்தால் தனித் தட்டில் நாற்று விட்டு 35ஆம் நாள் எடுத்து நடுங்கள்.

ஆடிக்காற்று மேற்கிலிருந்து அடிக்கும். பைகளை மேற்குக் கைப்பிடிச் சுவரை ஒட்டி வரிசையாக வைத்தால் பாதித் தொல்லை தீர்ந்தது.

திருநகர்: வாடகை வீடு சார். தளம் ஒழுகும், பாரம் தாங்காதுன்னு வீட்டுக்காரர் சொல்றாரு.

பதில்: நனைந்த பன்னிரண்டு அங்குலப் பை 20 கிலோ பக்கம் வரும். இருபது பை வைத்தால் 400 கிலோ. அதை நடுத்தளத்தில் குவிக்காமல் சுவர் ஓரமாகப் பிரித்து வையுங்கள். ஒழுகலுக்குக் காரணம் பெரும்பாலும் பாரம் இல்லை, பைக்கு அடியில் நாள் கணக்காகக் காயாத ஈரம்தான். ஒவ்வொரு பையையும் இரண்டு செங்கல் மேல் தூக்கி வையுங்கள். மழைநீர்க் குழாய் வாயில் வலை கட்டுங்கள். மண்ணும் சருகும் அடைத்துத் தண்ணீர் தேங்கினால் வீட்டுக்காரர் சொன்னது பலித்துவிடும்.

மேலூர்: சித்திரையில அவரை போட்டேன் அண்ணே. கொடி பந்தல் பூரா படர்ந்து கிடக்கு, ஒரு பூ இல்ல. உரம் பத்தலையா?

பதில்: உரம் போட்டுவிடாதீர்கள், இன்னும் இலைதான் கூடும். பந்தல் அவரை பகல் பொழுது குறுகினால்தான் பூக்கும். ஆடியில் விதைத்தால் ஐப்பசி, கார்த்திகையில் பூத்துத் தை வரைக்கும் காய் தரும் என்பது அதனால்தான். சித்திரையில் விதைத்தாலும் அது ஐப்பசிக்குத்தான் காத்திருக்கும், இடையில் உங்கள் தண்ணீரைக் குடித்துக்கொண்டு. வெட்டி எறிய வேண்டாம். ஆடியில் பாதிக் கொடியைக் கழித்துவிடுங்கள், புதுக் கிளை விட்டு அதில் பூக்கும். வெயில் காலத்திலும் அவரை வேண்டுமென்றால் குத்து அவரை ரகம் கேட்டு வாங்குங்கள்.

எல்லீஸ் நகர்: பங்குனியில இருந்து தக்காளிப் பூ எல்லாம் காம்போட உதிருது அக்கா.

பதில்: பகல் வெயில் 35 டிகிரியைத் தாண்டி, இரவும் புழுக்கமாக இருந்தால் மகரந்தம் செத்துப்போகும், காய் பிடிக்காத பூ உதிரும். பங்குனி, சித்திரையில் நம் ஊர் மாடியில் இதற்கு மருந்து கிடையாது. 50 சதவீத நிழல்வலை செடியைக் காப்பாற்றும், காயைக் கொண்டுவராது. கார்த்திகையில் நாற்று விட்டு, 25 நாள் கழித்து நட்டால் மாசிக்குள் பறித்து முடிக்கலாம். நாட்டுத் தக்காளி மாதிரி வேண்டுமானால் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியின் பி.கே.எம். 1 விதை நல்லது. அந்தப் பைகளில் வெயிலுக்குக் கொத்தவரை போடுங்கள்.

உசிலம்பட்டி: மிளகாய் இலை சுருளுது. வேப்பெண்ணெய் அடிச்சும் கேக்கல.

பதில்: எந்தப் பக்கம் சுருளுகிறது என்று பார்த்தீர்களா? மேல்நோக்கிப் படகு மாதிரி என்றால் இலைப்பேன். லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கரைய ஒரு துளி சோப்புக் கரைசல், சாயங்காலம், இலையின் அடிப்பக்கம், வாரம் ஒருமுறை. மேலாக மட்டும் தெளித்தால் பூச்சிக்குக் குளியல்தான். கீழ்நோக்கிக் கவிழ்ந்து காம்பு நீண்டிருந்தால் அது சிலந்திப்பேன். அதற்கு 80 சதவீத நனையும் கந்தகத் தூள், லிட்டருக்கு 2 கிராம். ஆனால் எண்ணெய் அடித்த இரண்டு வாரத்துக்குள் கந்தகம் வேண்டாம், இலை கருகும். உச்சி வெயிலிலும் அடிக்கக் கூடாது.

வண்டியூர்: எங்க போர் தண்ணி உப்பு. பை மேல வெள்ளையா படியுது.

பதில்: கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினால்தான் அப்படிப் படியும், நீர் ஆவியாகும், உப்பு தங்கும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை அடியில் நன்றாக வழிகிற அளவு ஊற்றி உப்பைக் கழுவி இறக்குங்கள். மழைநீர் இருந்தால் இன்னும் நல்லது. கோகோபீட்டிலும் உப்பு உண்டு, இரண்டு மூன்று தடவை அலசிப் பிழிந்தே கலக்க வேண்டும். ஆர்.ஓ. கழிவு நீரைச் செடிக்கு விடாதீர்கள், அது போர் தண்ணீரைவிட உப்பு.

அலங்காநல்லூர்: கீரை விதையை எறும்பு தூக்கிட்டுப் போயிருது.

பதில்: ஒரு பங்கு விதையோடு நாலு பங்கு மணல் கலந்து தூவி, மேலே மெல்லிசாக எரு போர்த்துங்கள். பையைச் சுற்றி அரிசி நொய் போட்டுவிட்டால் எறும்பு அதை இழுத்துக்கொண்டு போகும், அதற்குள் கீரை முளைத்துவிடும்.

வில்லாபுரம்: பாகல் பூ தினமும் கொட்டுது அண்ணே.

பதில்: முதலில் வருவதெல்லாம் ஆண் பூ, கொட்டத்தான் செய்யும். பூவுக்குக் கீழே குட்டிக் காய் இருந்தால் பெண் பூ. மாடிக்குத் தேனீ வரவில்லையென்றால், காலை ஒன்பது மணிக்குள் ஆண் பூவைப் பறித்து இதழை உரித்து, பெண் பூவின் நடுவில் தடவுங்கள். காய் விரல் நீளம் வந்ததும் செய்தித்தாளில் சுற்றிக் கட்டுங்கள், பழ ஈ முட்டையிடாது.

திருமங்கலம்: ஐப்பசி மழைக்குப் பிறகு கத்தரி பச்சையாவே வாடித் தொங்குது. தண்ணி ஊத்தியும் நிமிரல.

பதில்: ஊற்றியதுதான் தப்பு. ஈர மண்ணில் செடி வாடினால் வேர் அழுகுகிறது. அடி ஓட்டைகளைக் குச்சியால் குத்தித் திறந்து, சூடோமோனாஸ் (அழுகல் நோயைத் தடுக்கும் நுண்ணுயிர்த் தூள்) லிட்டருக்கு 10 கிராம் கரைத்து வேரில் ஒருமுறை விடுங்கள். தண்டை நறுக்கிப் பார்த்து உள்ளே பழுப்பாக இருந்தால் செடியைப் பிடுங்கி எறியுங்கள்; அந்த மண்ணில் தக்காளி, மிளகாய், கத்தரி மூன்றும் வேண்டாம், கீரை போடலாம். மழை மாதத்தில் விரலை இரண்டு கணு ஆழம் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள்.

அழகர்கோயில் ரோடு: மயில் வந்து நாத்தைக் கொத்திப் போட்டுருது. என்ன செய்ய?

பதில்: வலைதான். நாலு பக்கமும் மேலேயும்.